அயோடைடை மீட்கும் நொதிக்குச் செலினியம் வேண்டுமா?

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். தைராய்டுக்குள் அயோடைடை, அதாவது அயோடினின் எதிர்மின் ஏறிய வடிவத்தை, மறுசுழற்சி செய்யும் ஒரு நொதி இருப்பதாக இவர் படித்திருக்கிறார். அதன் பெயர் ‘டீஅயோடினேஸ்’ என்று முடிகிறது. டீஅயோடினேஸ்கள் செலினியம் நொதிகள் என்று வேறொரு இடத்தில் படித்திருக்கிறார். இரண்டையும் முடிச்சுப்போட்டு, செலினியம் மாத்திரை எடுத்தால் அயோடின் வீணாகாமல் மிஞ்சுமா, அந்த நொதி எப்படி அமைந்திருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று கேட்கிறார். மாத்திரைக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: அந்த நொதியில் செலினியம் இல்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கேள்விதான் தீரும். செலினியம் இல்லாமல் ஒரு நொதி அயோடினை எப்படிக் கழற்றுகிறது என்பதுதான் இதில் உள்ள சுவாரசியமே.

நான் மருத்துவர் அல்ல. உயிர்வேதியியல் படித்து, ஃபிளேவின் நொதிகளோடு (வைட்டமின் பி2-இலிருந்து வரும் துணைப்பொருளை வைத்து வேலை செய்பவை) ஆய்வகத்தில் பல வருடம் கழித்து, அப்புறம் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கப் போனவன். நொதியின் அமைப்பு, வேதியியல் பற்றி நம்பிக்கையோடு பேசுவேன். யாருக்கு என்ன மருந்து என்பது என் எல்லைக்கு வெளியே. இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும்: இந்தக் குழப்பம் எனக்கும் இருந்தது. என் பழைய பாடக்குறிப்பில் எல்லா டீஅயோடினேஸ்களையும் ஒரே பட்டியலில் போட்டு, மேலே ‘செலினியம்’ என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு மாணவி எழுந்து, “சார், இதுல ஒண்ணுக்கு எஃப்எம்என் தேவைன்னு புத்தகத்துல போட்டிருக்கே?” என்று கேட்ட பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். எஃப்எம்என் என்பது அந்த ஃபிளேவின்களில் ஒன்று.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்ப்போம். தைராய்டு ஹார்மோனான தைராக்சினிலிருந்து, அதாவது டி4-லிருந்து, ஒரு அயோடினைக் கழற்றி டி3 ஹார்மோனாகவோ செயலற்ற வடிவமாகவோ மாற்றும் நொதிகள் ஒரு வகை. இவை அயோடோதைரோனின் டீஅயோடினேஸ்கள். மொத்தம் மூன்று: டி1, டி2, டி3 என்றே அழைக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஹார்மோன் T3, நொதி D3; தமிழில் எழுதினால் இரண்டும் டி3 ஆகிவிடுகின்றன, பரீட்சையில் மாணவர்கள் படும் பாடு எனக்குத்தான் தெரியும். இந்த மூன்றின் நடுவிலும் செலினோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதில் உள்ள செலினியம்தான் வேலையைச் செய்கிறது. இவர் கேட்கும் நொதி வேறு. அதன் பெயர் அயோடோடைரோசின் டீஅயோடினேஸ். இது ஹார்மோனைத் தொடுவதில்லை. ஹார்மோன் ஆகாமல் மிச்சப்பட்ட அயோடோடைரோசின் என்ற சிறு மூலக்கூறுகளைத்தான் பிடிக்கும். ‘தைரோனின்’, ‘டைரோசின்’ என்று ஓரிரு எழுத்து வித்தியாசம்தான், ஆனால் உள்ளே இருக்கும் இயந்திரம் முற்றிலும் வேறு.

மிச்சம் ஏன் வருகிறது என்று கேட்கலாம். தைராய்டு தன் ஹார்மோனை நேரடியாகக் கட்டுவதில்லை. முதலில் தைரோகுளோபுலின் என்ற பெரிய புரதத்தைத் தயாரிக்கிறது. இரட்டை வடிவில் அதன் எடை சுமார் 660 கிலோடால்டன். அதில் 130 சொச்சம் டைரோசின்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியின் மேல்தான் அயோடின் ஏறுகிறது. ஒரு அயோடின் ஏறினால் மோனோஅயோடோடைரோசின், இரண்டு ஏறினால் டைஅயோடோடைரோசின். இனி எம்ஐடி, டிஐடி என்று சொல்கிறேன். இரண்டு டிஐடி சரியான இடத்தில் அருகருகே அமைந்தால் இணைந்து டி4 ஆகும். ஒரு எம்ஐடியும் ஒரு டிஐடியும் இணைந்தால் டி3. அப்படி அமைவது சில இடங்களில் மட்டுமே. அவ்வளவு பெரிய புரதத்திலிருந்து கிடைக்கும் ஹார்மோன் மூலக்கூறுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிறகு செல் அந்தப் புரதத்தை உள்ளே இழுத்து, லைசோசோமில் போட்டு அரைக்கிறது. டி4-உம் டி3-உம் ரத்தத்துக்குப் போகின்றன. இணையாமல் நின்ற எம்ஐடியும் டிஐடியும் தனித்தனியாகக் கொட்டுகின்றன. புரதத்தில் ஏறிய அயோடினில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தக் கழிவில்தான் இருக்கிறது.

இந்த எம்ஐடியை அப்படியே எடுத்து அடுத்த தைரோகுளோபுலினில் செருகிவிட முடியாதா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவர் கேட்பார். முடியாது. ரைபோசோம் வெறும் டைரோசினை வைத்துத்தான் புரதத்தைக் கட்டும். அயோடின் ஏற்றுவது புரதம் முழுதாக முடிந்த பிறகு நடக்கும் வேலை. ஆகவே அயோடினைக் கழற்றி அயோடைடாகவும் டைரோசினாகவும் பிரித்தால் மட்டுமே இரண்டும் திரும்பப் பயன்படும். பிரிக்காமல் விட்டால் சிறிய மூலக்கூறான எம்ஐடியும் டிஐடியும் செல்லிலிருந்து ரத்தத்துக்குக் கசிந்து, சிறுநீரில் போய்விடும்.

எவ்வளவு போகும்? தோராயமாகக் கணக்குப் போடலாம். ஒரு பெரியவரின் தைராய்டு நாளொன்றுக்குச் சுமார் 80 மைக்ரோகிராம் டி4 சுரக்கிறது. டி4-இன் எடையில் 65 சதவீதம் அயோடின். ஆக ஹார்மோனாக வெளியேறும் அயோடின் 52 மைக்ரோகிராம். சிறிதளவு டி3-யையும் சேர்த்தால் 55 என்று வைத்துக்கொள்ளலாம். இது மூன்றில் ஒரு பங்கு என்றால், அதே நேரத்தில் கழிவாகக் கொட்டும் அயோடின் 110 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஒரு நாள் அயோடினே 150 மைக்ரோகிராம்தான். சாப்பிடுவதில் பெரும்பகுதிக்கு நிகரான அளவை இந்த நொதி ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள்ளேயே மீட்டுக் கொடுக்கிறது. என் கணக்கில் சில மைக்ரோகிராம் முன்பின் இருக்கலாம். ஆனால் அயோடின் குறைவாகக் கிடைக்கும் ஒருவருக்கு இந்த மீட்பு எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

மனிதர்களில் இது கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பது நொதியின் அமைப்பு தெரிவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்துவிட்டது. 1950களில், ஸ்காட்லாந்தில் ஊர் ஊராகச் சுற்றி வாழ்ந்த, சொந்தத்துக்குள்ளேயே மணம் செய்துகொண்ட ஒரு குடும்பக் குழுவில் பலருக்குப் பெரிய கழுத்துக்கழலையும் தைராய்டு குறைபாடும் இருந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அவர்களுடைய சுரப்பி அயோடினை வேகமாக உறிஞ்சியது, அதே வேகத்தில் இழக்கவும் செய்தது. ஜான் ஸ்டான்பரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். கதிரியக்க அயோடின் ஏற்றிய டிஐடியை ஊசியில் செலுத்திவிட்டு, சிறுநீரில் அந்தக் கதிரியக்கம் எந்த வடிவில் வருகிறது என்று பார்த்தார்கள். சாதாரண ஆளுக்கு அயோடைடாக வரும், ஏனென்றால் வழியில் யாரோ கழற்றிவிட்டார்கள். இந்த நோயாளிகளுக்கு டிஐடி போன மாதிரியே வெளியே வந்தது. கழற்றும் ஆள் இல்லை என்பதை இதைவிட நேரடியாகக் காட்ட முடியாது. அந்த நொதி கல்லீரலிலும் சிறுநீரகத்திலும்கூட இருப்பதால்தான் ஊசியில் போட்ட டிஐடியை வைத்தே இதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

இப்போது அமைப்புக்கு வருகிறேன். மாட்டின் தைராய்டிலிருந்து இதைச் சுத்தமாகப் பிரித்தெடுத்து, இது எஃப்எம்என் கொண்ட ஃபிளேவோபுரதம் என்று ரோசன்பர்க்கும் கோஸ்வாமியும் 1979-இல் காட்டினார்கள். எஃப்எம்என் என்பது வைட்டமின் பி2, அதாவது ரைபோஃபிளேவினோடு ஒரு பாஸ்பேட் சேர்ந்த வடிவம். மனித மரபணு இந்த நூற்றாண்டின் முதல் சில வருடங்களில் அடையாளம் காணப்பட்டது. ஆறாவது குரோமோசோமின் நீள்கையில் இருக்கிறது. மனித நொதியின் நீளம் 289 அமினோ அமிலங்கள். முன்முனையில் சவ்வுக்குள் செருகிக்கொள்ளும் ஒரு சிறு ஆணி, நடுவில் ஒரு இணைப்புப் பகுதி, அதற்குப் பின்னால் வேலை செய்யும் பகுதி. செல்லின் எந்தப் பக்கம் தைரோகுளோபுலின் தேங்கியிருக்கிறதோ, அந்தப் பக்கச் சவ்வை ஒட்டி இந்த நொதி அதிகம் காணப்படுகிறது. படிகமாக்குவதற்கு அந்த ஆணி இடைஞ்சல். அதை வெட்டிவிட்டுத்தான் கரையும் வடிவத்தைத் தயாரித்து ஆராய்ந்தார்கள். ஸ்டீவன் ரோகிட்டாவின் குழுவும் அவர்களோடு சேர்ந்த படிகவியலாளர்களும் எலியின் நொதி அமைப்பை 2009-இல் வெளியிட்டார்கள். மனித நொதியின் அமைப்பு 2015-இல் வந்தது.

நொதி இரண்டிரண்டாகச் சேர்ந்தே இருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு துணையலகுகள் வெறுமனே ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஒன்றின் ஓரப் பகுதிகள் மற்றொன்றைச் சுற்றி அணைத்திருக்கின்றன. எஃப்எம்என் உட்காரும் குழி இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிறது. ஒரு எஃப்எம்என்னைப் பிடிக்க இரண்டு துணையலகுகளும் கை கொடுக்கின்றன. ஆகவே இந்த இரட்டையைப் பிரித்தால் தனி ஒன்று வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வழியே இல்லை. இப்படிப்பட்ட குழிகள் ஒரு இரட்டைக்கு இரண்டு. இந்த மடிப்பு நைட்ரோரிடக்டேஸ் என்ற பெரிய குடும்பத்துடையது. இதற்கு மிக நெருங்கிய உறவு எது தெரியுமா? சில பாக்டீரியாக்களில் வைட்டமின் பி12-இன் ஒரு பகுதியைத் தயாரிப்பதற்காக எஃப்எம்என்னையே உடைத்துப் போடும் புளூபி என்ற நொதி. ஒரே மாதிரி வீட்டில் ஒருவர் ஃபிளேவினை வைத்து வேலை பார்க்கிறார், மற்றவர் அதையே தின்றுவிடுகிறார்.

எஃப்எம்என் புரதத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்படவில்லை, இறுகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஃபிளேவின் நொதிகளோடு வேலை செய்வதில் ஒரு சந்தோஷம், எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சுத்தம் செய்த கரைசல் மஞ்சளாக இருக்கும். நீல ஒளி பட்டால் பச்சையாக மின்னும். டைதயோனைட் கொஞ்சம் போட்டால் எலக்ட்ரான்கள் ஏறி, மஞ்சள் வெளுத்துவிடும். மூடியைத் திறந்து காற்றுப் பட விட்டால் மஞ்சள் திரும்பி வரும். இந்த நொதியில் எம்ஐடி எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதையும் அந்த மின்னலை வைத்தே அளக்கிறார்கள். துளித்துளியாக எம்ஐடியைச் சேர்க்கச் சேர்க்க மின்னல் மங்கிக்கொண்டே வரும், ஒரு கட்டத்துக்கு மேல் மங்காது. எம்ஐடியின் வளையம் ஃபிளேவினின் மேல் தோசைமேல் தோசையாகப் படிந்துகொள்வதால் ஏற்படும் மாற்றம் அது.

அந்தப் படியும் விதத்தில்தான் இந்த நொதியின் தனித்தன்மை இருக்கிறது. காலியாக இருக்கும்போது குழியின் மேல் உள்ள ஒரு நீளமான பகுதி எந்த உருவமும் இல்லாமல் தொளதொளவென்று கிடக்கிறது. படிகத்தில் அதைப் பார்க்கவே முடியவில்லை. எம்ஐடியோ டிஐடியோ உள்ளே வந்து அமர்ந்ததும் அதே பகுதி இரண்டு சுருள்களாக மடிந்து, மூடி போல மேலே கவிந்துவிடுகிறது. மூடி மூடுவதற்குக் காரணம் அந்த அமினோ அமிலத்தின் தலைப்பகுதி. அதன் அமினோ முனையையும் கார்பாக்சில் முனையையும் மூடியில் உள்ள குளூட்டமேட், டைரோசின், லைசின் ஆகிய மூன்றும் பிடிக்கின்றன. அதோடு நிற்கவில்லை, அந்த முனைகள் ஃபிளேவினையும் நேரடியாகத் தொடுகின்றன. வேலைக்கு வந்த பொருளே கதவைச் சாத்தி, இயந்திரத்தின் மேல் கையையும் வைக்கிறது என்று சொல்லலாம். டி4 போன்ற பெரிய மூலக்கூறுகளுக்கு இங்கே வேலை இல்லை. இந்த நொதி அவற்றிலிருந்து அயோடினைக் கழற்றுவதில்லை.

சரி, வேலை முடிந்ததும் டைரோசின் ஏன் உள்ளேயே ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கவில்லை? அதற்கும் எம்ஐடிக்கும் ஒரே எலும்புக்கூடுதானே? இங்கே ஒரு அழகான வேதியியல் இருக்கிறது. டைரோசினின் வளையத்தில் உள்ள ஹைட்ராக்சில் தன் புரோட்டானை விட சுமார் 10 பிஹெச் வேண்டும். பக்கத்தில் ஒரு அயோடின் ஏறினால் அது 8.2 அளவுக்கு இறங்குகிறது, இரண்டு ஏறினால் 6.4-க்கு வந்துவிடுகிறது. அதாவது செல்லுக்குள் இருக்கும் நிலையில் டிஐடி பெரும்பாலும் புரோட்டானை விட்டு எதிர்மின்னோடு திரிகிறது. டைரோசின் விடாமல் வைத்திருக்கிறது. நொதியின் குழி எதிர்மின் உள்ள வடிவத்தைத்தான் விரும்பிப் பிடிக்கிறது. அயோடின் போனதும் டைரோசின் மறுபடியும் புரோட்டானை எடுத்துக்கொள்கிறது, பிடி தளர்கிறது. அளந்து பார்த்தால் டைரோசினின் பிடிப்பு எம்ஐடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பலவீனம். செல்லுக்குள் டைரோசின் எக்கச்சக்கமாக இருக்கிறது. இந்த வேறுபாடு இல்லாவிட்டால் நொதி எந்நேரமும் டைரோசினால் அடைபட்டே கிடக்கும்.

அடுத்தது கழற்றும் வேலை. வளையத்தில் ஒட்டிய அயோடினைக் கழற்றி அயோடைடாக விட வேண்டுமானால் இரண்டு எலக்ட்ரான்களும் ஒரு புரோட்டானும் உள்ளே தர வேண்டும். இதை ஒடுக்கமுறை ஹாலஜன் நீக்கம் என்பார்கள். இப்படிப்பட்ட வேலையை ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள்தான் சகஜமாகச் செய்யும். ஆக்சிஜனில் வாழும் பாலூட்டிகளில் இதைச் செய்ய இரண்டே ஏற்பாடுகள் தெரியும்: ஒன்று அந்தச் செலினியம் நொதிகள், மற்றொன்று இது. செலினியம் நொதிகளைப் பற்றித் தெரிந்த பிறகு, இங்கேயும் கந்தகம் கொண்ட சிஸ்டீன் ஏதாவது அதே வேலையைச் செய்கிறதோ என்ற சந்தேகம் இயல்பாகவே எழுந்தது. அதைச் சோதிக்க சிஸ்டீன்களை எல்லாம் மாற்றிவிட்டு ஒரு நொதியைத் தயாரித்துப் பார்த்தார்கள். அது தொடர்ந்து வேலை செய்தது. 2008-இல் வந்த அந்த முடிவோடு கந்தகத்துக்கும் இங்கே இடமில்லை என்று ஆகிவிட்டது. வேலை முழுவதும் ஃபிளேவினுடையது.

ஃபிளேவின் எலக்ட்ரான்களை இரண்டாகச் சேர்த்தும் தரும், ஒவ்வொன்றாகவும் தரும். இங்கே எது? குழி காலியாக இருக்கும்போது இந்த ஃபிளேவின் இரண்டிரண்டாகவே நடந்துகொள்கிறது. பொருள் உள்ளே வந்து மூடி விழுந்ததும் ஒரு திரியோனின் ஃபிளேவினின் ஐந்தாம் எண் நைட்ரஜனோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போடும் இடத்துக்கு வருகிறது. அப்போது ஒற்றை எலக்ட்ரான் ஏறிய பாதி நிலை நிலைத்து நிற்க முடிகிறது. அயோடினுக்குப் பதில் ஃபுளோரின் உள்ள டைரோசினைக் குழியில் வைத்து இதைக் காட்டினார்கள். ஃபுளோரினை இந்த நொதியால் கழற்ற முடியாது. அதனால் பொருள் அப்படியே உட்கார்ந்திருக்கும், ஃபிளேவின் என்ன செய்கிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். 2015-இல் வந்த இன்னொரு சோதனை இன்னும் அழுத்தமானது. அந்த ஒரே ஒரு திரியோனினை அலனினாக மாற்றியதும் ஹாலஜன் கழற்றும் திறன் சரிந்தது, நைட்ரோ சேர்மங்களை ஒடுக்கும் திறன் ஏறியது. 200-க்கு மேற்பட்ட அமினோ அமிலங்களில் ஒன்றை மாற்றினால் குடும்பத் தொழிலுக்கே திரும்பிவிடுகிறது.

வளையத்துக்கு என்ன ஆகிறது என்பதில் வேதியியல் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அயோடின் ஒட்டிய கார்பனுக்கு ஒரு புரோட்டான் வந்து சேர்ந்து, வளையம் தற்காலிகமாகத் தன் அரோமாட்டிக் நிலையை இழந்து, அதன் பிறகே அயோடின் கழன்று போகிறது என்பது இப்போது பலரும் ஏற்கும் படம். அந்த இடைநிலையைப் போலவே தோற்றமுள்ள ஒரு பிரிடோன் சேர்மம் நொதியை மிக இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது என்பது இதற்கு ஆதரவு. குளோரினையும் புரோமினையும்கூட இது டைரோசினிலிருந்து கழற்றும். உடலுக்கு அதனால் ஏதாவது பயன் உண்டா என்பது தனிக்கதை.

இதுவரை சொன்னதில் அமைப்பு, ஃபிளேவின், மூடி, திரியோனின் எல்லாம் உறுதியானவை. ஒற்றை எலக்ட்ரானாகப் படிப்படியாக நடக்கிறது என்பது வலுவான அனுமானம். நடுவில் தோன்ற வேண்டிய அந்த ரேடிக்கலை வேலை நடக்கும்போதே கையும் களவுமாகப் பிடித்ததாகச் சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு அயோடைடுக்கும் ஃபிளேவினுக்கு இரண்டு எலக்ட்ரான்கள் வேண்டுமே, அவற்றை யார் கொண்டுவந்து தருகிறார்கள்? தைராய்டுத் திசுவை அரைத்து வைத்துப் பார்த்தால், செல்லுக்குள் எலக்ட்ரான் தரும் மூலக்கூறான என்ஏடிபிஹெச் சேர்த்ததும் வேலை நடக்கிறது. சுத்தம் செய்த நொதிக்கு அதே என்ஏடிபிஹெச்சைக் கொடுத்தால் நடப்பதில்லை. ஆகவே இடையில் ஒரு கைமாற்றும் புரதம் இருக்க வேண்டும். அது எது என்பது முடிவாகவில்லை. ஆய்வகத்தில் டைதயோனைட் போட்டு ஓட்டுகிறோம், உடலுக்குள் டைதயோனைட் கிடையாது. பாடப்புத்தகப் படங்களில் என்ஏடிபிஹெச்சிலிருந்து நேராக இந்த நொதிக்கு ஒரு அம்புக்குறி போட்டிருப்பார்கள். அந்த அம்புக்குள் ஒரு புரதம் ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரபணு தெரிந்த பிறகு நோயாளிகளின் கதையும் தெளிந்தது. 2008-இல் சில குடும்பங்களில் இந்த மரபணுவின் பிறழ்வுகள் அடையாளம் காணப்பட்டன: 101-ஆம் இடத்தில் அர்ஜினினுக்குப் பதில் டிரிப்டோஃபன், 116-இல் ஐசோலூசினுக்குப் பதில் திரியோனின், 220-இல் அலனினுக்குப் பதில் திரியோனின் என்று. இதில் கவலை தருவது, பிறந்தவுடன் செய்யும் தைராய்டுப் பரிசோதனையில் இவர்களில் சிலர் இயல்பாகவே தெரிவார்கள் என்பது. குறைபாடு மாதங்களோ வருடங்களோ கழித்துத் தலைகாட்டும், அதற்குள் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டிருக்கலாம். ஏன் இந்தத் தாமதம்? இந்த மரபணுவை நீக்கிய எலிகள் ஒரு விடை தருகின்றன. போதிய அயோடின் கிடைக்கும்வரை அவை சமாளிக்கின்றன. அயோடினைக் குறைத்தால் விரைவில் தைராய்டு குறைபாட்டில் விழுகின்றன. ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும்வரை மட்டம் குறையாது, அது மாதிரி. இவர்களைக் கண்டுபிடிக்க உதவும் தடயம் சிறுநீரில் எம்ஐடி, டிஐடி அளவு கூடியிருப்பது. சொந்தத்தில் மணம், குடும்பத்தில் பலருக்குக் கழலை, குழந்தைக்கு விளக்கமில்லாத தைராய்டு குறைபாடு என்று இருந்தால் ஹார்மோன் மருத்துவரிடம் இதைக் கேட்பதில் தவறில்லை. தைராக்சின் கொடுத்துச் சரிசெய்யக்கூடிய நோய்தான் இது.

இனி மாத்திரை. தைராய்டுக்குச் செலினியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டி4-ஐ டி3 ஆக்கவும், ஹார்மோன் தயாரிப்பில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து செல்லைக் காப்பாற்றவும் செலினியப் புரதங்கள் தேவை. எடைக்கு எடை பார்த்தால் உடலிலேயே செலினியம் அதிகம் உள்ள திசுக்களில் தைராய்டும் ஒன்று. ஆனால் அயோடைடு மீட்பு அந்தக் கணக்கில் வராது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 மைக்ரோகிராம் அளவில் செலினியம் போதும். 400-ஐத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவில் 2000-இல் வரம்பு வைத்தார்கள். அளவு மீறினால் முடி உதிர்வதும் நகம் உடைவதும் இதன் பழக்கம். அயோடினை மிச்சம் பிடிக்கும் எண்ணத்தில் அதை விழுங்குவது தப்பான பூட்டுக்குச் சாவி தேடுவது.

அப்படியானால் பி2 மாத்திரை போடலாமா என்று அடுத்த கேள்வி வரும், அதையும் இப்போதே பார்த்துவிடுவோம். எஃப்எம்என் பி2-இலிருந்து வருகிறது என்பது உண்மை. போதிய பி2 உள்ள ஒருவர் இன்னும் கூடுதலாக எடுத்தால் இந்த நொதி வேகமாக ஓடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குழியில் ஒரு எஃப்எம்என் உட்கார்ந்தால் போதும், வெளியே வரிசையில் எத்தனை நின்றாலும் இரண்டாவது நுழைய இடம் கிடையாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரைபோஃபிளேவினை எஃப்எம்என்னாக மாற்றும் நொதியின் செயல்பாட்டைக் கூட்டுவதில் தைராய்டு ஹார்மோனுக்கே பங்கு இருக்கிறது. தைராய்டு குறைந்தவர்களுக்குப் போதிய பி2 சாப்பிட்டும் ரத்தச் சோதனையில் பி2 குறைவு போலத் தோன்றி, தைராக்சின் கொடுத்ததும் அது சரியானது பதிவாகியிருக்கிறது.